510 இணைப்பு: மின்சிகரெட் மரையின் வரலாறு

510 இணைப்பு என்பது மின்சிகரெட்டின் மின்கலப் பகுதியையும் திரவத் தொட்டியையும் ஒன்றோடொன்று பொருத்தும் மரையாகும். இதன் விட்டம் 7 மி.மீ.; ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி 0.5 மி.மீ. வெளிச்சுற்று எதிர்முனையாகவும், நடுவில் உள்ள சிறு பின் நேர்முனையாகவும் செயல்படும். திரவம் தீரும்போதெல்லாம் தொட்டியைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்ததால் இம்மரை விரைவில் தேய்ந்தது. அந்தத் தேய்வைத் தவிர்க்கச் செய்த முயற்சிகளே மின்சிகரெட்டின் வடிவத்தைப் பலமுறை மாற்றின. இந்தியாவில் மின்சிகரெட்டும் அதன் உதிரிபாகங்களும் 2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளன.

தோற்றம்

புகையிலை இல்லாத, புகையில்லாச் சிகரெட்டுக்கு அமெரிக்காவின் ஹெர்பர்ட் கில்பர்ட் 1963-இல் விண்ணப்பித்து 1965-இல் காப்புரிமை பெற்றார். அது சந்தைக்கு வரவில்லை. இன்றைய கருவியின் மூலவர் சீன மருந்தாளுநர் ஹான் லிக். 2003-இல் அவர் உருவாக்கிய கருவி அடுத்த ஆண்டு சீனாவில் விற்பனைக்கு வந்தது.

தொடக்கக் கருவிகளில் மூன்று துண்டுகள் இருந்தன: மின்கலம், திரவத்தைச் சூடாக்கும் அட்டமைசர், திரவம் ஊறிய பஞ்சடைத்த குப்பி. குப்பி வெறுமனே செருகப்பட்டது. அட்டமைசர் மட்டும் மின்கலத்தில் மரையால் முடுக்கப்பட்டது. 901, 808, 510 என மாதிரி எண்களால் அறியப்பட்ட இக்கருவிகளில் ஒன்றின் மரை மற்றொன்றில் ஏறாது. இடையில் பொருத்தும் அடாப்டர்களுக்கென்றே ஒரு தனி வணிகம் நடந்தது. ஜாய்டெக் நிறுவனத்தின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் 510 மாதிரியின் மரை மட்டும் மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளிப் பொது வழக்காயிற்று. எந்தத் தர நிர்ணய அமைப்பும் அதை வகுத்துக் கொடுக்கவில்லை. பலரும் பின்பற்றியதால் அது தரமாயிற்று. 5 மி.மீ. நீளத்தில் 10 புரிகள் இருப்பதால் இப்பெயர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அரை மி.மீ. புரியிடைவெளியோடு அந்தக் கணக்கும் பொருந்துகிறது.

மரையின் பலவீனம்

கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவருக்கு இதன் சிக்கல் அளவைக் கேட்டதுமே விளங்கும். 7 மி.மீ. திருகாணிக்கு வழக்கமான புரியிடைவெளி 1 மி.மீ.; இங்கே அதில் பாதிதான். புரியின் ஆழம் ஏறத்தாழ 0.3 மி.மீ. ஒருமுறை முடுக்கி அப்படியே விட்டுவிடும் இடத்துக்கு இவ்வளவு நுண்ணிய மரை பொருந்தும். நாள்தோறும் கழற்றி மாட்டும் இடத்துக்குப் பொருந்தாது. சற்றே கோணலாக வைத்துத் திருகினால் புரி மாறி ஏறிக்கொள்ளும். பித்தளை மரையில் எஃகுத் தொட்டியை முடுக்கினால் மெதுவான பித்தளைதான் தேயும். இரண்டு பக்கமும் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் உலோகம் உலோகத்தைக் கவ்விச் சிராய்த்துக்கொள்ளும்.

மரையைவிட முன்னதாகக் கெட்டது நடுப்பின். அதைச் சுற்றியிருந்த மின்காப்பு வளையம் பெரும்பாலும் மென்மையான சிலிக்கோனால் ஆனது. தொட்டி ஆடாமல் இருக்கட்டும் என்று கூடுதலாக ஒரு முறுக்கு முறுக்கும்போதெல்லாம் வளையம் நசுங்கிப் பின் உள்ளே இறங்கும். பிறகு மரை நன்றாக இருந்தாலும் மின்தொடர்பு கிடைக்காது. இதற்கு மேல் திரவமும் கசியும். புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்த அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மரைக்குள் இறங்கித் தூசியோடும் தேய்ந்த உலோகத்துகளோடும் சேர்ந்து பிசினாகும்.

தொடக்கக் கருவிகளின் கம்பிச்சுருளுக்கு மின்தடை அதிகம், மின்னோட்டம் குறைவு. எனவே பிசினால் பெரிய இடர் இல்லை. சுருளின் தடை ஓர் ஓமுக்குக் கீழே இறங்கிய பின் நிலைமை மாறியது. 4 வோல்ட்டில் 0.2 ஓம் சுருளுடன், இணைப்பில் 0.02 ஓம் தடை மட்டும் கூடியிருப்பதாகக் கொள்வோம். மின்னோட்டம் சுமார் 18 ஆம்பியர். அந்தச் சிறு மரையில் மட்டும் 6 வாட்டுக்கு மேல் வெப்பமாக வீணாகும். அவ்வெப்பம் மின்காப்பு வளையத்தை இளக்கும், பின் மேலும் இறங்கும். ஒரு பழுது அடுத்த பழுதுக்கு வழி செய்யும்.

மின்சுற்றுப் பாதுகாப்பு இல்லாத 'ஹைபிரிட்' வகைக் குழாய்க் கருவிகளில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாயிற்று. அவற்றில் கருவிக்கென நடுப்பின் கிடையாது. மின்கலத்தின் நேர்முனை தொட்டியின் பின்னை நேரடியாகத் தொடும். அந்தப் பின் மரை விளிம்பைவிட நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தேய்ந்தோ உள்ளிறங்கியோ விளிம்போடு சமமாகிவிட்டால் நேர்முனை வெளிச்சுற்றையும் சேர்த்துத் தொட்டுவிடும். மின்கலம் குறுக்குச்சுற்றாகி வெடிக்கலாம். இறுக்கமாக மூடிய குழாயில் வாய்க்கு அருகே நடக்கும் வெடிப்பு அது.

தேய்வைத் தடுத்த வழிகள்

பயன்படுத்துவோரிடையே முதலில் உருவானவை கைப்பழக்கங்கள். திருகத் தொடங்கும் முன் தொட்டியை எதிர்த்திசையில் சிறிது சுற்றிப் புரி உட்காரும் 'டக்' ஒலியைக் கேட்பது, கண்ணாடியைப் பிடிக்காமல் அடிப்பாகத்தைப் பிடித்து முடுக்குவது, தடுத்த இடத்தோடு நிறுத்துவது, சுத்திகரிப்புச் சாராயம் தொட்ட பஞ்சால் மரையைத் துடைப்பது ஆகியவை அவை. உள்ளிறங்கிய பின்னை ஊசியால் நெம்பித் தூக்கும் வழக்கமும் இருந்தது. மின்கலத்தை அகற்றாமல் அதைச் செய்தவர்கள் நெருப்புப் பொறியைக் கண்டார்கள்.

உற்பத்தியாளர்கள் செய்த மாற்றங்கள் இதைவிடப் பயனளித்தன. ஜாய்டெக்கின் ஈகோ கருவியில் 510 மரைக்கு வெளியே 12 மி.மீ. விட்டத்தில் இன்னொரு மரை இருந்தது. அதில் ஏறும் தொட்டிகளின் சுமையைப் பெரிய மரை தாங்கியது. பின்னர் அசையாத நடுப்பின்னுக்குப் பதில் ஸ்பிரிங் பின் வந்தது. முறுக்கு எவ்வளவு இருந்தாலும் பின் தானே எழுந்து தொடும் என்பதால், கூடுதல் முறுக்குக்குக் காரணமே இல்லாமல் போயிற்று.

ஆனால் மூலக்காரணம் நிரப்பும் முறைதான். 2010களின் முற்பகுதியில் பரவிய தொட்டிகள் பலவற்றைக் கருவியிலிருந்து கழற்றி, தலைகீழாகப் பிடித்து, அடிப்பாகத்தைத் திறந்துதான் நிரப்ப முடிந்தது. ஒரு நிரப்புதலுக்கு இரண்டு மரைகள் திறந்து மூடப்பட்டன. 2015-ஐ ஒட்டி மேல்மூடியைத் திறந்து நிரப்பும் தொட்டிகள் பெருகின. தொட்டியை இடத்தைவிட்டு அசைக்கவே வேண்டியதில்லை. தேய்வு ஒழியவில்லை, இடம் மாறியது. இப்போது மேல்மூடியின் மரையும் அதன் ரப்பர் வளையங்களும் தேய்ந்தன. அவற்றை மாற்றுவது எளிது, மின்சாரமும் அங்கே ஓடவில்லை.

2 மி.லி. விதி

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள்கள் நெறிமுறை 2016 மே 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தொட்டி 2 மி.லி.க்கும், நிரப்புக் குப்பி 10 மி.லி.க்கும் மிகக் கூடாது. குழந்தைகள் நிக்கோட்டினை விழுங்கும் ஆபத்தைக் குறைப்பது நோக்கம். தொட்டி சிறுத்தால் நிரப்புதல் கூடும் என்பதும் உடன் வந்தது. ஒரு நாளில் 6 மி.லி. தீர்ப்பவர் மூன்று முறை நிரப்ப வேண்டும். ஆண்டுக்கு ஆயிரம் முறைக்கு மேல்.

நிரப்பும்போது சிந்தக் கூடாது என்பதற்கும் அவ்வாண்டே தனி ஆணை வந்தது. குப்பியின் மூக்கு குறைந்தது 9 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 20 துளிகளுக்கு மேல் விழக் கூடாது. இல்லையேல் குப்பியும் தொட்டியும் இணைந்த பிறகே திரவம் பாயும் அமைப்பு வேண்டும். ஆணை வகுத்தவர்கள் துளிகளை எண்ணினார்கள். மரையைப் பற்றி அதில் பேச்சில்லை.

மரை இல்லாத கருவி

அமெரிக்காவில் 2015-இல் வந்த ஜூல் கருவி சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. 0.7 மி.லி. குப்பியைச் செருகி, தீர்ந்ததும் எறிந்துவிட வேண்டும். நிரப்புதலும் இல்லை, மரையும் இல்லை. காந்தத்தால் ஒட்டி ஸ்பிரிங் பின்களால் தொடர்புகொள்ளும் குப்பிகளும் பெருகின. அடுத்த கட்டமாக முழுக் கருவியையும் எறியும் வகை வந்தது. தேய்வதற்கு இணைப்பே இல்லை. ஆனால் ஒவ்வொன்றோடும் ஒரு லித்தியம் மின்கலம் குப்பைக்குப் போயிற்று. பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் அவ்வகையைத் தடை செய்தது. மறுபடி மின்னேற்றவும் நிரப்பவும் கூடிய கருவிகளே அங்கு விற்கப்படலாம் என்பதால், இணைப்பின் ஆயுள் மீண்டும் முக்கியமாயிற்று.

510 மரை அழிந்துவிடவில்லை. கஞ்சா எண்ணெய்க் குப்பிகளுக்கு வட அமெரிக்காவில் அதுவே பொது இணைப்பாயிற்று. யார் செய்த குப்பியும் யாருடைய மின்கலத்திலும் ஏறும் வசதி கள்ளச் சந்தைக்கும் பயன்பட்டது. 2019-இல் அங்கே பரவிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். இறந்தோர் 68 பேர். குப்பிகளில் கலக்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசு 2018 செப்டம்பரில் மின்சிகரெட்டைத் தடை செய்தது. சிங்கப்பூரில் அதே ஆண்டு பிப்ரவரி முதலே வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றமாக்கப்பட்டிருந்தன. இந்திய நடுவண் அரசின் அவசரச் சட்டம் 2019 செப்டம்பர் 18 அன்று வந்து, டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமாயிற்று. கையிருப்பு வைத்திருந்தோர் அதைத் தாமதமின்றி ஒப்படைக்க வேண்டியிருந்தது. பயன்படுத்துபவருக்கெனத் தனித் தண்டனை இச்சட்டத்தில் இல்லை. செய்தல், இறக்குமதி, கொண்டுசெல்லல், விற்றல், விளம்பரம் ஆகியவை குற்றம். முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும் உண்டு.

இச்சட்டம் முழுக் கருவியோடு அதன் எந்தப் பாகத்தையும் சேர்த்தே தடுக்கிறது. சென்னையின் மேற்குப் புறநகரான கள்ளிக்குப்பத்திலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ, தேய்ந்த தொட்டிக்கு ஓர் உதிரிப் பின்னைச் சட்டப்படி விற்கும் கடை இருக்க முடியாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் கடைசல் இயந்திரங்களுக்கு 7 மி.மீ. பித்தளையில் அரை மி.மீ. மரையிடுவது பெரிய வேலையன்று. அளவுக் கருவியின் மூடிக்கு அதைச் செய்தால் அன்றாடக் கூலிவேலை; மின்சிகரெட் தொட்டிக்கென்று தெரிந்து செய்தால் அதே துண்டு தடைசெய்யப்பட்ட பாகம்.