மிலிந்தன் காசு

அலெக்சாந்தரின் வெள்ளிக் காசுகளுள் பெரும்பாலானவற்றில் அவன் முகம் இல்லை. சிங்கத்தோல் போர்த்த ஹெராக்ளிஸின் தலையே உண்டு. அவனுக்குப் பின் எகிப்தை ஆண்ட முதலாம் தாலமி போன்றோர் உயிருடன் இருக்கும்போதே தம் உருவத்தைக் காசில் ஏற்றினர். அவ்வழக்கம் பாக்திரியாவின் கிரேக்க மன்னர் வழியே பாரதத்தின் வடமேற்கை எட்டியது.

அம்மன்னருள் கி.மு. 2ஆம் நூற்றாண்டினனான மெனாந்தரையே பௌத்த நூல் மிலிந்தன் என்கிறது. அவனது சிறு வெள்ளிக் காசு ஏறத்தாழ இரண்டரை கிராம் எடையுள்ளது. ஒருபுறம் நெற்றிப் பட்டம் கட்டிய அரசன் முகம். சுற்றிலும் கிரேக்க எழுத்து. மறுபுறம் இடிப்படை வீசும் அதீனா தேவி. அவளைச் சுற்றி, வலமிருந்து இடமாக ஓடும் கரோஷ்டி எழுத்தில், 'மகாரஜஸ த்ரதரஸ மெனம்த்ரஸ' என்னும் பிராகிருத வாசகம். 'காவலனாகிய மகாராஜன் மெனாந்தருடையது' என்பது பொருள். கிரேக்க வாசகமும் ஏறக்குறைய இதையே கூறுகிறது. முகமும் தெய்வமும் கிரேக்க நாட்டினவாயினும், காசை வாங்கும் கை இந்நாட்டதன்றோ! அக்கைக்குரியவன் மொழியை ஒதுக்கி ஆள இயலாது என அரசன் உணர்ந்தான் போலும் என்றே நாம் கருதுகிறோம்.

காலப்போக்கில் கரோஷ்டியை வாசிப்பார் இலராயினர். 1830களில் ஜேம்ஸ் பிரின்செப் முதலிய அறிஞர், ஒரே அரசன் பெயர் இரு எழுத்திலும் நிற்கும் இத்தகைய காசுகளைக் கொண்டே அதனை ஒவ்வோர் எழுத்தாக மீட்டனர். ஷாபாஸ்கடிப் பாறையில் அசோகன் பொறித்த ஆணைகளும் அதன் பின்னரே வாய் திறந்தன.