பின்னால் நிற்பவன்

மண்டபம் கடற்கரையில் நாங்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிய காலத்தில், விக்கெட் கீப்பருக்குப் பின்னால் கடல்தான். விட்டால் பந்து போயிரும். இருந்தும் பேட்டிங் வராதவன், வயசில் சின்னவன், பந்து வாங்கக் காசு போடாதவன் இவர்களில் ஒருவன்தான் கீப்பர். 'போய்ப் பின்னால நில்லுடா' என்பது வெறும் ஏவல் அல்ல, ஒரு படிநிலை. பல வருஷம் அப்படி நின்றவன் நான். ஆகவே இது நடுநிலையான கட்டுரை அல்ல.

பரத் ரெட்டி 1954இல் சென்னையில் பிறந்தவர். 1970களில் தமிழ்நாட்டு ரஞ்சி அணியின் கீப்பர். வெங்கட்ராகவனின் சுழலுக்கும் வி.வி. குமாரின் சுழலுக்கும் ஸ்டம்பை ஒட்டிக் குந்தியவர். இந்திய அணியிலோ கிர்மானி இருந்தார்: 88 டெஸ்ட். ரெட்டி மாற்றுக் கீப்பராகப் பயணம் போனார், உட்கார்ந்திருந்தார், திரும்பினார். 1979 இங்கிலாந்துப் பயணத்தில் கிர்மானிக்கு இடமில்லை. உலகக் கோப்பையில் சுரிந்தர் கன்னா நின்றார். டெஸ்ட் நான்கிலும் ரெட்டி. அந்த நான்கோடு சரி. கிர்மானி வந்துவிட்டார்.

அந்தத் தொடரின் கடைசி நாள், செப்டம்பர் 4, ஓவல் மைதானம். இலக்கு 438. 8 விக்கெட்டுக்கு 429இல் ஆட்டம் முடிந்தபோது களத்தில் நின்ற இருவரில் ஒருவர் ரெட்டி. நமது கிரிக்கெட் கதையாடலில் அது 221 அடித்த கவாஸ்கரின் நாள். தப்பில்லை.

எனக்கு உறுத்துவது ஸ்கோர் புத்தகம் என்கிற ஆவணம். மட்டையாளனின் ஒவ்வொரு ஓட்டமும், பந்து வீசுகிறவனின் ஒவ்வொரு பந்தும் அதில் உண்டு. கீப்பருக்குக் கேட்சும் ஸ்டம்பிங்கும் போக மிஞ்சுவது 'பை' என்ற கட்டம்: அவன் விட்ட பந்துகளின் கணக்கு. பிடித்துத் திருப்பி எறிந்த பந்துக்குக் கட்டமே கிடையாது. 90 ஓவர் என்றால் 540 தடவை குந்தி எழும் உடல், தவறியபோது மட்டும் பதிவாகிறது. காலனிய ஆவணங்களில் அடித்தள மக்கள் குற்றப் பதிவேட்டில் மட்டும் தட்டுப்படுவதை ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒப்பீடு கொஞ்சம் அதிகம்தான், தெரியும். ஆனால் எழுதும் முறை ஒன்றுதானே?

பின்னாளில் தினேஷ் கார்த்திக் 2004இல் டெஸ்டுக்கு வந்தார். தோனி வந்தபின் கையுறை அவரிடம் போயிற்று. 2007இல் இங்கிலாந்தில் கார்த்திக் ஆடியது தொடக்க ஆட்டக்காரராக. ரெட்டிக்கு அந்த மாற்றுவழியும் இல்லை.

எங்க ஊர் ஆட்டத்தில் பை ரன்னை எண்ணியதில்லை. கடலுக்குப் போன பந்தை நீந்தி எடுத்து வருவது கீப்பரின் வேலை. அவன் வரும்வரை மற்றவர்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள்.