சிவந்துபோன படமும் பச்சையாக வந்த முகமும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வீட்டுக்கு வந்தார். 1986-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பையனின் தாய். பையன் இப்போது இல்லை. வீட்டிலிருந்த படங்களெல்லாம் ஒரு மழையில் பெட்டியோடு நனைந்து வீணாகிவிட்டன. "வகுப்புல எடுத்த படம் சார்கிட்ட இருக்கும்னு சொன்னாங்க" என்றார். இருந்தது. ஸ்கேன் செய்து, அவன் முகத்தை மட்டும் பெரிதாக்கி, வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் போட்டேன். முகம் பச்சையாக வந்தது. குறுக்கே வெள்ளைக் கோடுகள் வேறு. அதை எப்படி அந்த அம்மா கையில் கொடுப்பது? ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

வரலாற்று வாத்தியாருக்கு ஒரு பழக்கம் உண்டு. பழுது என்றால் மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன், இது எப்போது ஆரம்பித்த தொல்லை என்று தேடுவார்.

நம் பழைய சேலம் மாவட்டத்தைத் தொடக்கக் காலத்திலேயே படம்பிடித்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண ராணுவத்தில் கேப்டன். பிறகு மாகாண அரசின் புகைப்படக்காரர். ராயக்கோட்டை அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. அதையும் சுற்றுப்புறத்தையும் எடுத்து 1858-இல் ஒரு தொகுப்பாகவே வெளியிட்டார். மெழுகு ஏற்றிய காகிதம்தான் நெகட்டிவ், அச்சிட வெயில். அந்தக் காலப் புகைப்படக்காரர்களின் பெரிய கவலை, படம் மங்கிப்போவது. லண்டன் புகைப்படச் சங்கம் 1855-இல் இதற்கென்றே ஒரு குழு அமைத்தது. விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் 50 பவுண்டு கொடுத்தார். குழு கண்டுபிடித்த குற்றவாளிகள்: சரியாகக் கழுவாமல் தங்கிவிட்ட ரசாயனம், காற்றிலுள்ள கந்தகம், ஈரம். நன்றாகக் கழுவுங்கள், தங்க உப்புக் கரைசலில் முக்கியெடுங்கள் என்றது. டிரைப் தன் படங்களுக்குத் தங்கம் ஏற்றியவர். அவை இன்றும் அருங்காட்சியகங்களில் தெளிவாக இருக்கின்றன.

நம் 1986 படத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அக்காலக் கலர் படங்களில் வெள்ளி இருக்காது. சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயங்கள்தான். அவற்றில் சயான், அதாவது நீலப்பச்சை, மிகவும் பலவீனமானது. ஆல்பத்துக்குள் இருட்டில் பத்திரமாக வைத்தாலும் மங்கும். அது போனால் மிஞ்சுவது சிவப்பு. உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள், தெரியும்.

ஆக மூலப்படம் சிவந்திருக்கிறது. பிரிண்டரில் வந்ததோ பச்சை. அப்படியானால் கோளாறு படத்தில் இல்லை, பிரிண்டரில் மெஜந்தா வரவில்லை என்று அர்த்தம். நாசில் செக் என்று ஒரு சோதனைத் தாள் அடிக்கலாம். அடித்தேன். மெஜந்தா கட்டத்தில் பாதிக் கோடுகளைக் காணோம்.

ஏன் அடைக்கிறது என்பதற்கு, நம் ஊருக்குப் பிடித்த பொருளிலிருந்தே ஒரு கதை சொல்கிறேன். சேர்வராயன் மலைக்கு 1820 வாக்கில் காபியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அமெரிக்காவில் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தின் ஜான் வாட் என்ற பொறியாளருக்கு, காபி பெர்கொலேட்டரில் சூட்டினால் நீர் மேலே எகிறுவதைப் பார்த்துத்தான் மையையும் அப்படித் துப்பவைக்கும் யோசனை வந்ததாம். அதே சமயத்தில் ஜப்பானில், கேனன் நிறுவனத்தின் இச்சிரோ எண்டோ 1977-இல் வேறு வழியில் அதையே கண்டார். சூடான சால்டரிங் அயர்ன் தவறுதலாக மை நிரம்பிய ஊசியில் பட்டு, மை பீச்சியடித்தது. இன்றும் பல பிரிண்டர்களில் நடப்பது அதுதான். கண்ணிமைப்பதற்குள் சூடு, ஒரு குமிழி, ஒரு சொட்டு. எப்சன் போன்றவர்கள் சூடாக்காமல், மின்சாரம் பட்டால் வளையும் படிகத்தால் தள்ளுகிறார்கள். சொட்டின் அளவு சில பிகோலிட்டர். ஒரு மில்லிலிட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பிகோலிட்டர். துளையோ தலைமுடியை விட மெல்லியது. இரண்டு மாதம் சும்மா கிடந்தால் மையிலுள்ள நீர் ஆவியாகித் துளை அடைக்காமல் என்ன செய்யும்? வாரம் ஒரு கலர் பக்கமாவது அடித்துவிடுங்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஹெட் கிளீனிங்கை அடுத்தடுத்து ஐந்து முறை ஓடவிட்டேன். ஒவ்வொரு முறையும் மை கழிவுப் பஞ்சுக்குத்தான் போகிறது. கார்ட்ரிட்ஜ் காலியானதுதான் மிச்சம். புது கார்ட்ரிட்ஜ் போட்டு, இரண்டு முறை மட்டும் ஓட்டி, இரவு முழுக்க அப்படியே விட்டேன். காலையில் இன்னொரு முறை. கோடுகள் முழுசாக வந்தன.

அடுத்தது காகிதம். மூடுபனி நாளில் திறந்து வைத்த போட்டோ பேப்பர் ஈரத்தை இழுத்துச் சுருளும். மை திட்டுத் திட்டாக நிற்கும். துளையில் சீக்கிரம் காய்கிற மை, தாளில் காய மறுக்கிறது! பிளாஸ்டிக் உறையில் சிலிகா பொட்டலத்தோடு பீரோவில் வைக்கிறேன். இன்னொன்று, பளபளப்பான பக்கத்தில்தான் அடிக்க வேண்டும். சிரிக்காதீர்கள், ஒரு தாள் அதிலும் போயிற்று.

அடித்த படத்தைச் சும்மா சுவரில் ஒட்டாதீர்கள். 2000-இல் வெளிவந்த ஒரு பெயர்பெற்ற போட்டோ பிரிண்டரின் படங்கள் சில வீடுகளில் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறமாகின. காற்றிலுள்ள ஓசோன் தாளின் நுண்துளைகளுக்குள் புகுந்து சாயத்தைத் தின்றது. மறுபடியும் முதலில் போனது சயான்தான். ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தால் காற்று அண்டாது.

மங்கிய சயானைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது என் பேரன். சீருடையின் வெள்ளைச் சட்டை வெள்ளையாகத் தெரியும் வரை சரிசெய்யச் சொன்னேன். அது வெளுத்ததும் முகத்தின் நிறமும் தானாக வந்துவிட்டது.

அந்த அம்மா வந்து, சட்டத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "காலர்கிட்ட ஒரு மைக்கறை இருக்குமே சார், நான்தான் தேச்சுத் தேச்சுப் பார்த்தேன், போகவே இல்ல. அது எங்க?" என்றார். பேரன் அதை அழுக்கு என்று நினைத்து அழித்திருந்தான்.

கறையோடு இன்னொன்று அடித்துக் காயவைத்திருக்கிறேன். நாளை காலை ஒண்டிக்கடையில் சட்டம் போடக் கொடுக்க வேண்டும்.