துரையப்பா விளையாட்டரங்கு: தேடிப் போன இடிபாடு

இன்னைக்கு ஒரு ஏமாற்றத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். போர் நடந்த ஊர்ல கைவிடப்பட்ட ஒரு விளையாட்டு மைதானம் இருக்குன்னு நினைச்சு, கேமராவை எடுத்துக்கிட்டு கடல் தாண்டிப் போனேன். போய்ப் பார்த்தா, அங்கே பசங்க ஃபுட்பால் ஆடிக்கிட்டு இருந்தாங்க.

என் வாயிலிருந்து முதல்ல வந்த சொல் ‘ச்சே’. அந்த ‘ச்சே’ எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சப்ப கிடைச்சதுதான் இந்த எபிசோட்.

எல்லாத்துக்கும் காரணம் சராயேவோ. போஸ்னியாவோட தலைநகரம். 1984 பிப்ரவரியில அங்கே குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தது. ஊருக்கு மேலே ட்ரெபேவிச் மலையில, பனிச்சறுக்கு வண்டி ஓடுறதுக்காக ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் வளைந்து வளைந்து இறங்குற கான்கிரீட் பாதை ஒண்ணு கட்டினாங்க. எட்டே வருஷம். 1992 ஏப்ரல்ல போர் வந்தது. 1996 பிப்ரவரி வரைக்கும், கிட்டத்தட்ட நாலு வருஷம் ஊர் முற்றுகையில் இருந்தது. ஒலிம்பிக் மலை பீரங்கி நிற்கிற மலை ஆனது. கீழே, ஒலிம்பிக் அரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த மைதானம் இடுகாடு ஆனது. இன்னைக்கு அந்தக் கான்கிரீட் பாதை முழுக்க கலர் கலரா கிராஃபிட்டி, சுத்தி காடு. உலகம் பூராவிலிருந்தும் போட்டோ எடுக்க வர்றாங்க. அந்தப் படங்களை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீங்க.

நானும் பார்த்தேன். பார்த்ததும் வந்த கேள்வி: தமிழ் பேசுற மண்ணுல இப்படி ஒரு இடம் இருக்கா? தேடினப்ப கிடைச்ச பேர்தான் யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு. 1997இலிருந்து பயன்பாட்டில் இல்லாமல் கிடந்ததுன்னு ஒரு பழைய செய்தி. அதுக்கு மேல நான் ஒழுங்காப் படிக்கலை. பையைக் கட்டிட்டேன்.

என் ஊர் சிங்கம்புணரி. சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூரிலிருந்து கொட்டாம்பட்டி போற ரோட்டுல இருக்கு. தென்னை நாரும் கயிறும்தான் ஊரோட பிழைப்பு. நாகப்பட்டினம் போய், அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். 2024 ஆகஸ்ட்ல மறுபடி தொடங்கின சேவை அது. கப்பலோட பேர் என்ன தெரியுமா? ‘சிவகங்கை’. சொந்த மாவட்டத்தோட பேரை எழுதின கப்பலேறி அடுத்த நாட்டுக்குப் போறது ஒரு தனி சுகம்தான்.

காங்கேசன்துறையில இறங்கி பஸ் பிடிச்சு யாழ்ப்பாணம். கோட்டைக்குப் பக்கத்தில், நூலகத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தா மைதானம். பச்சைப் புல், உட்கார்ந்து பார்க்கிற வரிசைகள், ஓடுபாதை, ஒரு ஓரமா ஷூவுக்கு லேஸ் கட்டிக்கிட்டு இருக்கிற பையன். அப்பதான் அந்த ‘ச்சே’.

அன்னைக்கு ராத்திரி ரூம்ல உட்கார்ந்து, ஊர்லயே படிச்சிருக்க வேண்டியதையெல்லாம் படிச்சேன்.

முதல்ல பேர். ஆல்ஃபிரட் துரையப்பா வக்கீல். 1960இல் யாழ்ப்பாணத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர், பிறகு மாநகர மேயர். சிறிமாவோ பண்டாரநாயக்கவோட சுதந்திரக் கட்சியைச் சேர்ந்தவர். தமிழர் உரிமைக் கோரிக்கை சூடாகிக்கிட்டு இருந்த காலத்துல, கொழும்பு ஆளுங்கட்சியோட யாழ்ப்பாண முகமா இருந்தவர். 1974 ஜனவரி 10. நாலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள். வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால கூடியிருந்த கூட்டத்துக்குள் போலீஸ் புகுந்தது, மின்கம்பி அறுந்து விழுந்தது, உயிர்கள் போயின. அந்தக் கோபத்துல ஒரு பங்கு மேயர் மேலயும் விழுந்தது. 1975 ஜூலை 27, பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலுக்குக் கும்பிடப் போன இடத்துல அவரைச் சுட்டுக் கொன்னாங்க. செய்தது பிரபாகரனும் அவரோட கூட்டாளிகளும். பிரபாகரனுக்கு அப்ப 20 வயசு. பின்னால முப்பது வருஷம் நீண்ட ஆயுதப் போராட்டத்தோட ஆரம்பப் புள்ளிகளில் ஒண்ணா இந்தக் கொலையைச் சொல்றாங்க.

இப்ப யோசிச்சுப் பாருங்க. அந்த ஊர்ல ஒரு தரப்புக்கு அவர் துரோகி. இன்னொரு தரப்புக்கு ஊருக்கு உழைச்ச மேயர். ஆனா ஸ்கூல் மீட்டுக்கு ஓட வர்ற பிள்ளைக்கு அது வெறும் ‘துரையப்பா’. “நாளைக்குத் துரையப்பாவில மேட்ச்.” அவ்வளவுதான். பேரு மைதானத்துக்குப் போனதும் சண்டை கொஞ்சம் ஓய்ஞ்சிடுது.

ஆனா மைதானத்தைச் சுத்திச் சண்டை ஓயலை. 1981 மே 31 ராத்திரி தொடங்கி யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சது. 97,000 புத்தகங்கள் சாம்பல். 1990இல் பக்கத்துக் கோட்டையைப் புலிகள் மாசக்கணக்கில் முற்றுகையிட்டாங்க. 1995 அக்டோபர் 30, ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கான மக்கள் ஊரைக் காலி பண்ணிட்டு நடந்தாங்க. டிசம்பர்ல ராணுவம் நகரத்தைப் பிடிச்சது. 1996இல் அந்த மாவட்டத்தில் சுமார் 600 பேர் காணாமல் போனாங்கன்னு அம்னஸ்டி இன்டர்நேஷனல் சொன்னது.

1999 ஏப்ரல். இதே மைதானத்தைச் சீரமைக்கத் தோண்டினாங்க. மண்ணுக்குள்ள எலும்புக்கூடுகள். ஒண்ணு ரெண்டு இல்லை. யாரு, எந்த வருஷம், யார் புதைச்சாங்க என்ற கேள்விக்கு எல்லாரும் ஒத்துக்கிற பதில் இன்னைக்கு வரைக்கும் வரலை.

அந்த இடத்துல போனை மூடி வெச்சுட்டேன். நான் தேடி வந்தது ‘அழகான இடிபாடு’. செடி முளைச்ச கேலரி, துருப்பிடிச்ச கோல்போஸ்ட், சாயங்கால வெளிச்சம். அந்தப் படம் எனக்குக் கிடைச்சிருந்தா, அதுக்குக் கீழே இந்தக் கதையும் இருந்திருக்கும், நான் அதைத் தெரிஞ்சுக்காமலே லைக் எண்ணிக்கிட்டு இருந்திருப்பேன்.

இன்னொரு மைதானத்தையும் சொல்லணும். ஏன்னா இது என் நாட்டைப் பற்றியது. யாழ்ப்பாணத்துலயும் ஒரு திருநெல்வேலி இருக்கு. பல்கலைக்கழகம் அங்கேதான். 1987 அக்டோபர் 11 ராத்திரி, புலிகளோட தலைமையைப் பிடிக்கறதுக்காக இந்திய அமைதிப்படை அந்தப் பல்கலைக்கழக மைதானத்துல ஹெலிகாப்டர்ல ஆட்களை இறக்கினது. புலிகளுக்கு விஷயம் முன்னாடியே தெரிஞ்சிருந்தது. 13ஆவது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியைச் சேர்ந்த 30 பேர்ல 29 பேர் அங்கேயே செத்தாங்க, ஒருத்தர் பிடிபட்டார். பத்து நாள் கழிச்சு, அக்டோபர் 21, 22இல், அதே அமைதிப்படை நுழைஞ்ச யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ள நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. 1990 மார்ச்ல படை திரும்பினப்ப, இலங்கையில் இறந்த இந்திய வீரர்கள் சுமார் 1,200 பேர். துரையப்பா மைதானத்தைப் புதுப்பிச்சதும் இந்தியப் பணம்தான். சுமார் 7 கோடி ரூபாய், 1,850 பேர் உட்காரலாம். 2016 ஜூன் 18இல் சிறிசேன மைதானத்துல இருந்தார், மோடி டெல்லியிலிருந்து வீடியோவில் வந்தார். ரெண்டு கணக்கும் ஒரே நாட்டோட நோட்டுலதான் இருக்கு. ஒண்ணை வெச்சு இன்னொண்ணை அடிச்சுட முடியாது.

மறுநாள் காலையில மறுபடி மைதானத்துக்குப் போனேன். வேலியோரமா நின்னு ஆட்டம் பார்த்துக்கிட்டு இருந்த ஒரு பெரியவர் கேமராவைப் பார்த்துட்டுப் பக்கத்துல வந்தார்.

“தம்பி இந்தியாவோ?”

“ஆமாங்கய்யா. சிவகங்கைப் பக்கம்.”

“என்னத்தை எடுக்கிறீர்?”

பொய் சொல்ல மனசு வரலை. பாழடைஞ்சு கிடக்கும்னு நினைச்சு வந்தேன், ஐயான்னு சொன்னேன். சிரிச்சார்.

“பாழாக் கிடக்கேக்கை ஒருத்தரும் வரேல்லை. இப்ப வாறீர். பிந்திப் போச்சு.”

சண்டைக்கு முந்தி இதே மைதானத்துல 400 மீட்டர் ஓடினவராம். கோட்டையைத் தாண்டி வர்ற கடல் காத்து எந்த வளைவுல நெஞ்சுல அடிக்கும்னு கையைக் காட்டிச் சொன்னார். இடையில ஒருநாள் வந்து பார்த்தாராம். “பத்தை மண்டிக் கிடந்தது. பாத்திட்டுத் திரும்பிப் போயிட்டன்.” பக்கத்து மத்திய கல்லூரி மைதானத்துல நடக்கிற ‘வடக்கின் பெருஞ்சமர்’ பற்றியும் பேசினார். மத்திய கல்லூரிக்கும் புனித யோவான் கல்லூரிக்கும் 1904இலிருந்து நடக்கிற கிரிக்கெட் போட்டி அது. சமர்னா போர். நிஜப் போர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே சமருக்கு இங்கே மட்டையும் பந்தும்தான்.

நான் தயங்கித் தயங்கி 1999 பற்றிக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசலை.

“ஓம். எடுத்தவை.”

அப்புறம், என் முகத்துல அடுத்த கேள்வியைப் பார்த்திருப்பார் போல:

“எந்தப் பக்கம் எண்டு கேக்காதையும். பிள்ளையள் ஓடுற இடம்.”

நான் கேட்கலை. அந்தத் தரையைக் குறிபார்த்து ஒரு படமும் எடுக்கலை.

திரும்பி வரும்போது கப்பல்ல இதையேதான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். ‘முன்னாள் போர்க்களம்’ன்னு ரொம்ப ஈசியாச் சொல்றோம். அந்த ‘முன்னாள்’ எப்ப வருது?

எங்க ஊர்ப் பக்கமும் ஒரு காலத்துல போர்க்களம்தான். 1801. மருது சகோதரர்களும் அவங்களோட சேர்ந்தவங்களும் கம்பெனிப் படையோட மோதின வருஷம். காளையார்கோயிலுக்கு வழி எடுக்க ஆங்கிலேயப் படை வாரக்கணக்கில் காட்டை வெட்டிப் பார்த்தது. கடைசியில் அக்டோபர் 1இல் காளையார்கோயில் விழுந்தது. 24ஆம் தேதி, எங்க ஊரிலிருந்து பஸ்ல அரை மணி நேரத் தூரத்துல இருக்கிற திருப்பத்தூர்ல, ரெண்டு பேரையும் தூக்கில் போட்டாங்க. சின்ன மருதுவோட மகன் துரைச்சாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவங்களைப் பினாங்குக்கு நாடு கடத்தினாங்க. இன்னைக்கு அந்தக் காட்டு வழியெல்லாம் தோப்பும் வயலும். அங்கே யாரும் யாரையும் தேடிக்கிட்டு நிக்கலை. 200 வருஷத்துல தேடுறவங்களும் போயிட்டாங்க. அது ‘முன்னாள்’.

யாழ்ப்பாணத்துல அப்படி இல்லை. 2025இல் செம்மணிப் பக்கம் சித்துப்பாத்தி மயானத்துல கட்டட வேலைக்குத் தோண்டினப்ப மறுபடி எலும்புகள். நீதிமன்றம் தலையிட்டு முறையா அகழ்ந்தப்ப, எண்ணிக்கை நூறைத் தாண்டிப் போச்சு. காணாமல் போன பிள்ளையோட போட்டோவை மடியில வெச்சுக்கிட்டு ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள் இன்னும் இருக்காங்க. 2009 மே மாசத்தோட போர் முடிஞ்சதுன்னு நாம தேதி சொல்றோம். அவங்களுக்கு அந்தத் தேதி செல்லாது.

இன்னொண்ணும் உறைச்சது. எங்க பக்கத்துல கானாடுகாத்தான், காரைக்குடியில பூட்டிக் கிடக்கிற செட்டிநாட்டு வீடுகளைப் படம் எடுக்க எத்தனை பேர் வர்றாங்க! நானே கல்யாண ஜோடிகளைக் கூட்டிட்டுப் போய் அந்தத் தேக்குத் தூண்கள் முன்னால நிக்க வெச்சு எடுத்திருக்கேன். அந்தத் தேக்கு பர்மா தேக்கு. 1930கள்ல கீழ் பர்மாவோட நெல் வயல்கள்ல ஏறக்குறைய கால் பங்கு நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1942இல் ஜப்பான் படை வந்ததும் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்தாங்க. போருக்கு அப்புறம் நிலமும் திரும்பி வரலை. அந்த நிலத்தைக் கடனுக்கு இழந்த பர்மிய விவசாயிக்கும் ஒரு கதை இருக்கு, அது இன்னொரு எபிசோட். நான் சொல்ல வந்தது: நாம ‘பேக்டிராப்’னு சொல்ற அந்த வீடுகள்ல பலதும், வேற நாட்டுல நடந்த போரோட இடிபாடுதான். யாரோ வந்து எங்க ஊர் வீட்டை ‘செம்ம லொகேஷன்’னு சொன்னா எனக்குச் சுருக்னு இருக்கும். அதையேதான் நான் அங்கே போய்ப் பண்ணப் பார்த்தேன்.

அதுக்காக இடிபாட்டைப் படம் எடுக்காதீங்கன்னு சொல்லலை. 1999இல் தோண்டினப்ப யாராவது பார்த்து, பதிவு பண்ணி, வெளியில சொன்னதாலதான் நமக்கு இன்னைக்குத் தெரியுது. படம் சாட்சியும் ஆகும். எடுக்கிறதுக்கு முன்னாடி அங்கே யார் ஓடினாங்க, யார் விழுந்தாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க. நான் கேட்காமல் போனவன், அதனால சொல்றேன்.

கடைசியா, அந்தப் பயணத்துல நான் எடுத்ததுல எனக்குப் பிடிச்ச ஒரே படம். கிளம்புறப்ப பெரியவரே கேட்டார்: “என்னையும் ஒண்டு எடுத்து விடும். கனடாவில மகள் இருக்கிறா, அனுப்போணும்.” எங்கே நிக்கிறீங்க ஐயான்னு கேட்டேன். செருப்பைக் கழட்டி வேலியோரம் வெச்சுட்டு, ஓடுபாதைக்குள்ள போய், கோடு இருக்கிற இடத்தைக் காலால தடவிப் பார்த்து நின்னார். பின்னால ஃபுட்பால் ஆடுற பசங்க. அவுட் ஆஃப் ஃபோகஸ்தான், ஆனா அவங்க ஓடுறது தெரியுது.

அடுத்த வாரம் பார்க்கலாம்.