வாரம் மும்முறையிலிருந்து தினசரி மருந்துக்கு

காசநோய் மருந்தை நாள்தோறும் தராமல் இடைவெளி விட்டு, பணியாளர் கண்முன்னே விழுங்கச் செய்தாலும் நோய் குணமாகும் என்று நிறுவிய முன்னோடி ஆய்வுகளில் பல, 1956இல் சென்னையில் தொடங்கப்பட்டு இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படும் மையத்தில் நடந்தவை. 1990களின் பிற்பகுதியில் விரிந்த தேசியத் திட்டமும் வாரம் மூன்று நாள் மருந்து என்ற முறையையே ஏற்றது. அந்த முறையின் எல்லையைக் கண்டறிந்து சொன்னதும் அதே நிறுவனம்தான். ஆனால் அதற்காகத் தம் உடலை ஒப்படைத்தவர்கள் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்ந்த காசநோயாளிகள்.

1986இல் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார். பின்வந்த ஆண்டுகளில் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனைக்கு வந்த பலரிடம் இரு நோய்களும் சேர்ந்தே இருந்தன. இத்தகையோரில் 327 பேரைக் கொண்டு ஆறு மாத, ஒன்பது மாதச் சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளியானபோது, ஆறு மாதத்தில் நிறுத்தியவர்களிடம் நோய் திரும்புவது அதிகம் என்பதோடு, வாரம் மும்முறை மருந்து எடுத்தும் குணமாகாதவர்களிடம் ரிஃபாம்பிசின் என்னும் முதன்மை மருந்துக்கு மசியாத கிருமிகள் உருவாவதும் தெரியவந்தது.

தினசரி மருந்து இதைத் தடுக்குமா என்ற கேள்விக்கு விடை தேடிய அடுத்த ஆய்வில் 2009 முதல் 2016 வரை 331 பேர் சேர்ந்தனர். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுக்காமல் சீட்டுக் குலுக்குவது போன்ற சமவாய்ப்பு முறையில் அவர்கள் மூன்று பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவு முழுக்காலமும் தினசரியும், மற்றொன்று முதற்கட்டத்தில் மட்டும் தினசரியும், மூன்றாவது முழுவதும் வாரம் மும்முறையும் மருந்து பெற்றது. நற்பயன் முறையே 91, 80, 77 சதவீதமாக அமைந்தது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு புதிதாகத் தோன்றிய நால்வரும் மூன்றாம் பிரிவினர். முடிவுகளை இடையிலேயே ஆராயும் சுதந்திரமான கண்காணிப்புக் குழு, வேறுபாடு தெளிவானதும் ஆய்வை நிறுத்தச் செய்தது. அன்றைய அரசுத் திட்டத்தின் வழக்கமான முறையே மூன்றாம் பிரிவுக்குத் தரப்பட்டது என்றாலும், அந்த நால்வருக்கு நேர்ந்த இழப்பை வெறும் எண்ணாகக் கடந்துவிடுவது நியாயமாகாது.

தினசரி மருந்து முதலில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், 2017இல் நாடெங்கும் எல்லாக் காசநோயாளிகளுக்கும் வந்தது. இந்த மாற்றத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. எனினும், கொள்ளிடக் கரையை ஒட்டிய தா.பழூர் ஒன்றியத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அன்றாட மாத்திரை பெறும் ஒருவரின் சிகிச்சையிலும் அந்த 331 பேரின் பங்கு கலந்திருக்கிறது. அவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. மறைகாப்பு கருதி அவ்வாறு பொறிக்கவும் இயலாது.

மறைகாப்பின் தேவையைச் சட்டமும் பிந்தியே முழுமையாக உணர்ந்தது. மருந்தாய்வுகளின் குளறுபடிகள் உச்சநீதிமன்றம்வரை சென்ற 2013இல், பங்கேற்பவர் விவரங்களைப் புரிந்துகொண்டு இசையும் நிகழ்வை ஒலி, ஒளிப் பதிவு செய்வது கட்டாயமானது. ஊரார் அறிந்தால் வேலையும் உறவும் போகுமென்று அஞ்சும் ஒருவருக்கு முகம் பதிவாவது பெரும் தடை. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் எச்.ஐ.வி., தொழுநோய் மருந்து ஆய்வுகளுக்கு ஒலிப்பதிவு மட்டும் போதும் என்றது. 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், விவரமறிந்த ஒப்புதலின்றித் தொற்றுள்ள எவரையும் ஆராய்ச்சிக்கு உட்படுத்தக் கூடாது என்று விதித்தது.