பேர் போடுதல்

பேர் போடுதல்: இலங்கையின் கண்டி, தெல்தோட்டை முதலான மலையகப் பகுதிகளின் பெருந்தோட்டத் தமிழில் வழங்கும் கூட்டுவினை, தொழிலாளியின் ஒருநாள் வேலையைச் செக்ரோலில் (தோட்ட வருகைப் பதிவேட்டில்) பதிந்து சம்பளத்துக்கு உரியதாக்குதல். பொதுத்தமிழில் அழைப்பிதழ் முதலியவற்றில் பெயரைச் சேர்த்தலையும் குறிக்கும்.

வகைகள்: முழுநாள் வேலைக்குரியது முழுப்பேர். பறித்த தேயிலைக் கொழுந்து நிர்ணயித்த நிறைக்குக் குறைந்தால் அரைப்பேர். அன்று பாதிச் சம்பளமே கிடைக்கும்.

தொடர்புடைய வழக்குகள்: பேர் பதிதல் – தோட்டத் தொழிலாளியாகப் பதிவாதல், பேர் வெட்டுதல் – பதிவிலிருந்து நீக்குதல்.

பின்னணி: கண்டிப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களும், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டபின் தேயிலைத் தோட்டங்களும் பெருகின. அவற்றில் வேலைசெய்த தென்னிந்தியத் தொழிலாளரின் நாட்கூலிக் கணக்கு முறையைச் சார்ந்தது இவ்வழக்கு.

முக்கியத்துவம்: நிர்ணய நிறையும் அரைப்பேரும் சம்பளப் பேச்சுகளில் தொடர்ந்து இடம்பெறுகின்றன, மலையக இலக்கியத்திலும் இச்சொல் பயில்கிறது.