அம்பாசிடர்: எஞ்சின் சூடேறுதலும் இழுவைக் குறைவும்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை தயாரித்த அம்பாசிடர், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழிவந்தது. அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பழசாகும்போது சூடேறுவதும் ‘புல்லிங்’ குறைவதும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். எது முன்னால் வந்தது என்று கேட்காமல் ரேடியேட்டரில் கைவைப்பது வீண்செலவு.

சூடு முந்தினால் குளிர்விப்பில் கோளாறு. நெரிசலில் மட்டும் வெப்பமானி முள் ஏறினால் ஃபேன் பெல்ட் தளர்வையும் ரேடியேட்டரின் வெளிப்புற அடைப்பையும் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஏறினால் உள்ளே உப்புப் படிந்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம். ரேடியேட்டர் நீரில் விடாமல் குமிழி வருவது, ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் படிவது, அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் கம்ப்ரெஷன் குறைவது ஆகியவை ஹெட் காஸ்கெட் போனதைக் காட்டும். கோடையில் எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடுவதும் உண்டு. பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றும் டாக்ஸி ஓட்டுநர்களின் கைவைத்தியம் இதற்குத்தான்; அது பலிக்கவும் செய்யும்.

இழுவைக் குறைவு முந்தினால் இக்னிஷனிலிருந்து தொடங்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டின் குதிப்பகுதி தேயத் தேய இடைவெளி சுருங்கி, பொறி தாமதமாக விழும். எரிபொருள் எரிந்து முடியாமலே எக்ஸாஸ்ட் வால்வு திறக்க, சக்தியாக வேண்டிய வெப்பம் ஹெட்டில் இறங்குகிறது. சுமார் 0.4 மி.மீ. இடைவெளி வைத்து டைமிங் பார்த்தாலே பல வண்டிகள் இரு தொல்லையிலிருந்தும் மீளும். காற்று மிகுந்த கலவையும் இறுகிப் பிடிக்கும் பிரேக்கும் இதே வேலையைச் செய்யும். சிறிது தூரம் ஓட்டியபின் ஒரு சக்கர டிரம் மட்டும் கொதித்தால் பிரேக்கைச் சந்தேகிக்கலாம்.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. ஈயம் தந்த பாதுகாப்பு போனதால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கை தேய்ந்து, வால்வு உள்ளிறங்கத் தொடங்கும். அப்போது டேப்பெட் சத்தம் அடங்கும்; எஞ்சின் மென்மையாகிவிட்டதென்று சிலர் மகிழ்வதும் உண்டு. உண்மையில் டேப்பெட் இடைவெளி அற்று வால்வு மூடாமல் கசிகிறது. இடைவெளியைத் திரும்ப வைப்பது தற்காலிக வழி. ஹெட்டைக் கழற்றிக் கடினப்படுத்திய இருக்கை வளையம் பொருத்துவதே தீர்வு.